பழம் தின்றது செல்லாது

கடலூர் முதுநகர்,
23.6.2010

சேத்தியாத்தோப்பில் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு விசில் ஊதிப் பிழைக்கும் மச்சான் சடையப்பனுக்கு, உன் அக்காள் புருஷன், கருவாட்டு மண்டி பழனிவேல் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் ராசம்மாளும் நலம் என்று எழுதுவதுதான் முறை, முறைக்காக எழுதிவிட்டேன். உன் நலத்தைக் கேட்பதாக இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவன் உடம்பைத் தேற்றுகிறேன் என்று கிளம்புகிறவனுக்கு மட்டும் ஒரு குறையும் வருவதில்லை.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் கத்த ஆரம்பித்தால், "மாமா, சிக்னல் இல்ல, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு முழுக்கவே சிக்னல் இல்லை போலிருக்கிறது. காகிதத்துக்கு அந்தக் கோளாறு கிடையாது. முழுக்கப் படி. நின்றுகொண்டே படி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் இளமதிக்காகச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன நான், பேச வேண்டிய ஒரே ஒரு பேச்சைப் பேசாமலேயே சம்மந்தம் முடித்துவிட்டு வந்திருக்கிறேன். சம்மதத்தை வாயால் சொல்லவில்லை. கெண்டைக்காலால் சொன்னேன். அதற்குக் காரணம் நீ.

அக்னி நட்சத்திரத்தில், காயப்போட்ட வாளைக் கருவாட்டின் மேலேயே நான் மயங்கி விழுந்தது உண்மை. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று டாக்டர் குளுக்கோஸ் ஏற்றியதும் உண்மை. அத்தோடு விட்டிருந்தால் நான் பாட்டுக்குப் பிழைத்திருப்பேன். நீ பார்க்க வந்தாய். நோயாளியைப் பார்க்க வருகிறவன் ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவான், நீ முழங்கை உயரத்துக்கு ஒரு பச்சைப் பாட்டில் வாங்கி வந்தாய், தோளில் மாட்ட வார், மூடியில் உறிஞ்சுவதற்கு ஒரு மூக்கு. கட்டிலில் உட்கார்ந்து, "மாமா, மனுஷன் ஒடம்புல முக்காவாசி தண்ணிதான். தாகம் எடுத்தப்பறம் குடிச்சா லேட்டு. எடுக்கறதுக்கு முன்னாடியே குடிச்சிரணும்" என்றாய். "மச்சான், நான் முப்பது வருஷமா தண்ணிய வத்த வெச்சுத்தான் காசு பாக்கறேன். மீன்லயும் முக்காவாசி தண்ணிதான், அத எடுத்தாத்தான் எனக்குச் சோறு. எங்கிட்டயே வந்து தண்ணி விக்கிறியா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். உன் அக்காளும் சேர்ந்து சிரித்தாள். அந்த இரண்டு சிரிப்புக்கு ஏமாந்துதான், தண்ணீர் நடை என்று நீ எழுதி நீட்டிய அட்டவணைக்குத் தலையாட்டினேன்.

என் செல்போனை வாங்கி அரை மணிக்கொரு தரம் அடிக்கிற மாதிரி மணி வைத்துக் கொடுத்தாய். வைக்கத் தெரிந்த நீ எடுக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. பேரம் படிகிற நேரமாகப் பார்த்து அது அடிக்கும், நான் பேச்சை விட்டு எழுந்துபோய்க் குடிப்பேன், எதிராளி நான் கோபித்துக்கொண்டு போவதாக நினைத்து இறங்கி வருவான். அந்த ஒரு லாபம் வந்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் மற்றதையும் கேள். விடிகாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வேக நடை. நடந்து முடித்ததும் குனிந்து நிமிர்ந்து சதையை நீட்டி மடக்க வேண்டும். அப்புறம் காலை உயரே தூக்கி வைத்துப் படுக்க வேண்டும், அப்போதுதான் அலுப்பு இறங்கும் என்றாய். சரி என்று மண்டியில் நெத்திலிச் சிப்பங்களின் மேல் காலைப் போட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். சுமை தூக்கும் பக்கிரி அதைப் பார்த்துவிட்டு, "மொதலாளி மறுபடி சாஞ்சிட்டாருக்கா, இந்தத் தடவ காலு மேல போயிருச்சு" என்று உன் அக்காளுக்குப் போன் போட்டுவிட்டான். அவள் அழுதுகொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தெருவே கூடிவிட்டது. நான் எழுந்து உட்கார்ந்ததில் இரண்டு பேருக்கு ஏமாற்றம்.

உன் அட்டவணையில் இரண்டு இடத்தில் மட்டும் நான் என் சொந்த மூளையைப் பயன்படுத்தினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நீ அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவாய். தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து, கொஞ்சம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போடச் சொன்னாய். எலுமிச்சை பிழிந்தேன், சர்க்கரை போட்டேன், உப்புப் போடவில்லை. உப்பு என்ன செய்யும் என்று எனக்கா தெரியாது? மீன் மேல் உப்பை வாரிப் போட்டால் உள்ளே இருக்கிற தண்ணீரெல்லாம் வெளியே வந்து தொட்டியில் நிற்கும். தினம் கண்ணால் பார்க்கிறேன். குடித்த தண்ணீரை உப்புப் போட்டு வெளியே எடுப்பதென்றால் அதைக் குடிப்பானேன்? மனுஷன் உடம்பில் உப்பு வேறு மாதிரி வேலை செய்யும் என்றால் அதை நீ விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். "போடுங்க மாமா" என்றால் ஆயிற்றா? சரக்கு விற்கிறவன் சரக்கின் குணத்தைச் சொல்லி விற்க வேண்டும். ஆகவே அந்தக் குற்றம் விற்றவன் மேல்தான். இன்னொன்று, ஒருநாள் வேகமாக நடந்தால் மறுநாள் சும்மா இரு, சும்மா இருக்கும்போதுதான் சதை தேறும் என்றாய். கடையை ஒருநாள் விட்டு ஒருநாள் திறந்து தேறியவனை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? நான் தினமும் நடந்தேன்.

இனி இளமதி விஷயம். உனக்குத் தெரியும், அவள் கடலூர் கோர்ட்டில் வக்கீலாக இரண்டு வருஷமாகத் தொழில் செய்கிறாள். முதல் நாள் கருப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மண்டி வாசலில் வந்து நின்றாளே, தலைச்சுமையாகக் கருவாடு விற்றுத் தெருத்தெருவாகச் சுற்றியவன் நான், அன்றைக்கு, கோட்டில் கருவாட்டு வாடை ஏறிவிடும், தூரப் போ என்று மட்டும் சொன்னேன். அவள்தான் சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கட்சிக்காரனிடம் பேசுவதுபோல் நிதானமாகச் சொன்னாள்:

"அப்பா, மாப்பிள்ளைய புடிச்சிருக்கு. போன்ல பேசிட்டேன், நல்ல மாதிரி. ஆனா அவுங்க அம்மா, கோர்ட்டு கீர்ட்டெல்லாம் வேணாம், மருமவ வீட்டோட இருக்கட்டும்னு தரகர்கிட்ட சொன்னாங்களாம். நான் கோட்டக் கழட்டமாட்டேன். 'வேலைக்குப் போவட்டும்'னு அவுங்க வாயால சொல்ல வெச்சிட்டு அப்பறம் கை நனைங்க. அதுவரைக்கும் பச்சத்தண்ணி தவிர எதையும் தொடாதீங்க."

நம் பக்கத்து வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்மந்தம் படிகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடித்தாலும் பாதகமில்லை, பலகாரமோ பழமோ வாய்க்குள் போய்விட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எத்தனை பேரம் பேசியிருக்கிறேன், இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன். "நீ போம்மா, அப்பா பாத்துக்கறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சம்மந்தி வீட்டில் தெம்பாக உட்கார வேண்டும் என்று இரண்டு பங்கு நடந்தேன். பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு வேனில் ஏறினேன். நம் ஆட்கள் பதினோரு பேர். போன் அடிக்க அடிக்கக் குடித்தேன். குடித்தது அடைத்து வைக்கவா போகிறது? ஆலப்பாக்கத்தில் வேனை நிறுத்தினேன். புதுச்சத்திரத்தில் நிறுத்தினேன். முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னபோது உன் அக்காள், "ஏங்க, பொண்ணு குடுக்கப் போறமா, இல்ல வழி பூரா எல்லக்கல்லு நட்டுக்கிட்டுப் போறமா?" என்றாள். வேனே சிரித்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். இப்படியாக, நல்ல நேரத்தில் போய்ச் சேர வேண்டியவர்கள் எமகண்டம் வாசலில் வந்து நிற்கிற நேரத்தில் போய் இறங்கினோம்.

நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் அப்பா சுப்பிரமணியன் சாது, கொஞ்சம் பருமன், எழுந்து நின்று கும்பிடுவதற்குள் மூச்சு வாங்கியது. வீட்டை நடத்துவது அந்த அம்மாள் தில்லையம்மாள்தான் என்று வாசலிலேயே தெரிந்தது. கூடத்தின் நடுவில் தாம்பூலத் தட்டு வைத்திருந்தார்கள். வெற்றிலை பாக்கு, தேங்காய், குங்குமம், ஒரு சீப்பு மஞ்சள் வாழைப்பழம். பேச்சு முடிந்தால் அந்தத் தட்டு நம் கைக்கு வரும், முடியாவிட்டால் வந்த வழியே உள்ளே போய்விடும். தில்லையம்மாள் தானே தண்ணீர்ச் சொம்பும் தம்ளரும் எடுத்து வந்து என் முன்னால் நீட்டினார்.

"தண்ணி சாப்புடுங்கண்ணே."

அந்த நேரத்தில் என் சட்டைப்பையில் போன் அடித்தது. வெளியிடத்தில் கண்ட தண்ணீரைக் குடிக்காதே, வயிறு கெட்டால் நடை கெடும் என்று நீ ஓதிய உபதேசம் என் காதில் கேட்டது. "வேணாம்மா, நான் என் தண்ணிதான் குடிக்கிறது" என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த பாட்டிலை எடுத்து, மூக்கைத் திருகி, அத்தனை பேர் முன்னாலும் குழந்தை மாதிரி உறிஞ்சினேன். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருத்தர் மூலையிலிருந்து, "ஏன் சார், எங்க வூட்டுத் தண்ணி எறங்காதா? தெருவே எங்க கெணத்துலதான் வந்து எடுத்துக்கிட்டுப் போவுது" என்றார். தில்லையம்மாள் தம்ளரைக் கீழே வைத்தார். வைத்த சத்தம் சொன்னது. தொட அனுமதி இருந்த ஒரே ஒரு பொருளையும் வேண்டாம் என்று தள்ளியவன், கடலூர் மாவட்டத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதற்கு மேல், கொல்லைப்பக்கம் எங்கே என்று கேட்டு எழுந்து போனேன். திரும்பி வரும்போது பெண்கள் பக்கத்தில், "சக்கர வியாதியா இருக்குமோ? பொண்ணுக்கும் வருமோ?" என்று ஒரு குரல். போதாக்குறைக்கு, "எமகண்டத்துக்கு முன்னாடி பேசி முடிங்கப்பா" என்று சித்தப்பாவின் விரட்டல். சரி, நேராக விஷயத்துக்குப் போய்விடலாம் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "அம்மா, எம் பொண்ணு கோர்…" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

மச்சான், என் வலது கெண்டைக்கால் சதை உருண்டு திரண்டு கருங்கல்லாகிவிட்டது. உள்ளே யாரோ துணியைப் பிழிவதுபோல் பிழிந்தார்கள். சதை பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய்? காலை நீட்டு, பாதத்தை முகத்துப் பக்கம் மடக்கு, ஒரு வாழைப்பழம் சாப்பிடு. நீ சொன்ன வைத்தியம் வேண்டாத நேரத்தில் மட்டும் ஞாபகத்துக்கு வரும். "ஐயோ, பழம்! பழம்!" என்று கத்திக்கொண்டே காலை நீட்டினேன். நீட்டிய கால் தாம்பூலத் தட்டில் இடிக்காமல் போனது அந்த நடராசர் புண்ணியம். கை மட்டும் தட்டுக்குப் போனது. ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து விழுங்கினேன். வலி நிற்கவில்லை. இன்னொன்றைப் பிய்த்தேன்.

"பார்றா, ஜோடியா எடுக்கறாரு! நல்ல சகுனம்டா!" என்றார் அந்தச் சித்தப்பா.

அதோடு முடிந்ததா? மாப்பிள்ளைப் பையன் அருண்பாண்டியன், நல்ல பிள்ளை, அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, ஓடிவந்து என் காலடியில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் என் பாதத்தைப் பிடித்து மேலே மடக்கினான். வலி உயிர் போயிற்று. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே, அவன் தலையைப் பிடித்தேன். அவன் என் காலில், என் கை அவன் தலையில், என் வாயில் அவர்கள் வீட்டுத் தாம்பூலப் பழம். கண்ணில் தண்ணீர் வேறு. இதைப் பார்த்தவன் என்ன நினைப்பான்? "மாப்ள ஆசீர்வாதம் வாங்கிட்டாரு, மாமனாரு அழுவுறாரு பாரு!" என்று கத்தினான் ஒருத்தன். பெண்கள் பூவை எடுத்தார்கள். சந்தனக் கிண்ணம் எங்கிருந்தோ வந்தது. தில்லையம்மாள் உள்ளேயிருந்து ஒரு கல் உப்பைக் கொண்டுவந்து, "தண்ணியில உப்புப் போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். "அதான்" என்று அதை என் உள்ளங்கையில் வைத்தார். அந்த வீட்டு உப்பையும் தின்றேன். கால் விட்டது. உப்பைத் தின்ற வாயால் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து நிபந்தனை பேசுகிற தைரியம் எனக்கு வரவில்லை, உனக்கு வருமா? எமகண்டத்துக்கு முன்னால் தட்டு என் கைக்கு வந்துவிட்டது. பார்க்க வந்த நம் ஆட்கள் பதினோரு பேரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். கையை எங்கே நனைத்தார்கள், முழங்கை வரைக்கும் குளித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இளமதி வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, கோட்டு விஷயம்?"

"கால் புடிச்சிக்கிச்சும்மா."

"கோட்டு விஷயம் என்னாச்சுன்னு கேட்டேன்."

"ரெண்டு பழம் தின்னுட்டேன்."

அவள் கத்தியிருந்தால் தேவலை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து என்னிடம் நேராகப் பேசுவதில்லை. "அம்மா, உங்க வீட்டுக்காரர சாப்புட வரச் சொல்லு" என்கிறாள். கருப்புக் கோட்டை அறையில் மாட்டுவதை விட்டுவிட்டு, நான் உட்காருகிற நாற்காலிக்கு எதிரே கூடத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். சோறு தின்னும்போது அது என்னைப் பார்க்கிறது. மூட்டையைப் பிரித்துக் கை விட்டுப் பார்க்காமல் ஒரு சிப்பம் நான் வாங்கியதில்லை. பெற்ற மகள் ஒரே ஒரு வார்த்தை வாங்கி வரச் சொன்னாள், வெறும் வாயோடு வந்தேன். வெறும் வாயோடு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியதைக் கேள். இந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போடு. அந்த டிராக் பேண்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு சிதம்பரம் போ. தில்லையம்மாளும் சுப்பிரமணியனும் சேர்ந்து இருக்கிற நேரம் பார்த்து, பழம் தின்றது செல்லாது என்று சொல். அது தாம்பூலம் இல்லை, மருந்து. பையன் காலைப் பிடித்தது முதலுதவி, நமஸ்காரம் இல்லை. நான் தலையைப் பிடித்தது வலிக்கு. 'இதெல்லாம் என் அட்டவணை செய்த வேலை, மாமா மேல் குற்றமில்லை' என்று சொல். உன் பாஷையில் ஃபவுல் என்று வேண்டுமானாலும் சொல், விசில் ஊதி ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பி. மறுபடி நான் வருகிறேன். அவர்கள் தண்ணீர் கொடுக்கட்டும், சொம்போடு குடிக்கிறேன், கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அதுவரைக்கும் உன் அட்டவணைக்கும் எனக்கும் சம்மந்தம் இல்லை. நடையை நிறுத்திவிட்டேன். தாகம் எடுத்தால் குடிப்பேன், எடுக்காவிட்டால் இல்லை. உன் பச்சைப் பாட்டில் அந்த வீட்டிலேயே கிடக்கிறது, கிடக்கட்டும். செல்போன் மணியை நிறுத்தத் தெரிந்தவன் யாராவது இந்தத் தெருவில் கிடைத்தால் அதையும் நிறுத்திவிடுவேன்.

உன் மனைவி ஞானாம்பாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், அவர்கள் எல்லா நலமும் பெறட்டும். உனக்கு ஆசீர்வாதம் சிதம்பரம் போய்வந்த பிறகு. யார் தலையிலும் கை வைக்கவே எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தாகத்தோடு இருந்தாலும் மானத்தோடு இருந்த
பழனிவேல்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது தில்லையம்மாள் போன் செய்தார். எனக்கு ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாது என்பதால் வீடு முழுக்கக் கேட்டது.

"சம்மந்தி, உங்க பச்சப் பாட்டிலு இங்கயே நிக்குது. கழுவி வெச்சிருக்கேன்."

"இருக்கட்டும்மா. இனிமே அது எனக்கு வேணாம்."

"அப்பிடிச் சொல்லாதீங்க. அன்னிக்கு எனக்குக் கோவம்தான், இல்லேன்னா பொய். நான் நீட்டுன தண்ணிய வேணாம்னு சொல்லிட்டு சொந்தப் பாட்டில எடுத்தீங்களே. ரெண்டு நாளா அந்தப் பாட்டிலயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பச்சத்தண்ணிக்கே அடுத்தவுங்ககிட்ட கை நீட்டாத மனுஷன், பஸ்சு காசுக்குப் புருஷங்கிட்ட கை நீட்டறாப்ல பொண்ண வளத்திருப்பாரா? நான் கோட்டக் கழட்டச் சொன்னா அந்தப் பொண்ணு என்னையில்ல கழட்டி ஆணியில மாட்டும்? எங்க ஊர்லயும் கோர்ட்டு இருக்கு, வீட்டுலேர்ந்து நடந்தே போயிரலாம். தொழில் பண்ணட்டும். சாப்பாடு மட்டும் அதுவே கட்டிக்கணும், காலையில எனக்குக் கை ஓயாது, சொல்லிட்டேன்."

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன், அதுவும் அவர் வைத்த பிறகு.

திரும்பிப் பார்த்தால் ஆணியில் கோட்டைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் இளமதி ஒரு தம்ளரோடு வந்து நின்றாள். "அப்பா, எலுமிச்சத் தண்ணி. உப்புப் போட்டிருக்கேன், மூஞ்சச் சுளிக்காம குடிங்க" என்றாள். அம்மா வழியாகச் சொல்லவில்லை, என்னிடமே சொன்னாள்.

ஆகவே நீ சிதம்பரம் போக வேண்டாம். போய் எதையாவது விளக்கிச் சொல்லிக் கெடுத்து வைக்காதே. பழம் தின்றது செல்லும். சம்மந்தி சுப்பிரமணியனுக்கும் ஒரு பாட்டில் வேண்டுமாம், நீலக் கலர். அவரையும் நடக்க வைக்க வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்கிறார், அட்டவணையில் உப்பைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வா. ஓய்வு நாளைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம், அதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. மேலே எழுதியதைக் கிழிக்கப்போவதில்லை. கை வலிக்க எழுதியது, அடுத்த தப்புக்கு இருக்கட்டும்.

மணி அடிக்கிறது. குடிக்கப் போகிறேன்.